காணாமல் போகாத கப்பல்

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1943 அக்டோபர் 28, அமெரிக்காவின் பிலடெல்பியா கடற்படைத் தளம். எல்ட்ரிட்ஜ் என்ற சிறிய போர்க்கப்பலில் ராட்சத மின்னாக்கிகளை ஓடவிடுகிறார்கள். பச்சை நிறத்தில் ஒரு மூட்டம் கிளம்பிக் கப்பலைச் சூழ்கிறது. மூட்டம் கலைந்து பார்த்தால் கப்பலைக் காணோம். தண்ணீரில் அதன் அடிப்பாகம் அழுத்திய பள்ளம் மட்டும் தெரிகிறது. அதே சமயம் 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் நார்ஃபோக் துறைமுகத்தில் அந்தக் கப்பல் தோன்றுகிறது. சற்று நேரத்தில் பழைய இடத்துக்கே திரும்பியும் விடுகிறது. மாலுமிகள் சிலர் இரும்புத் தளத்தோடு உருகி ஒட்டிக் கிடக்கிறார்கள். சிலருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஒருவர் மனைவி பிள்ளை பார்த்திருக்க வீட்டுச் சுவருக்குள் நடந்து போய் மறைந்தே போனார். இத்தனைக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் சாட்சாத் ஐன்ஸ்டீன்.

கப்பல் என்னவோ நிஜம்தான். நியூவர்க் நகரில் கட்டி, 1943 ஜூலை 25 அன்று நீரில் இறக்கி, ஆகஸ்ட் 27 அன்று பணியில் சேர்த்தார்கள். சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குக் காவலாகப் போவது அதன் வேலை. அன்றாடம் எங்கே இருந்தது என்று கப்பலில் எழுதிவைத்த குறிப்பும் இருக்கிறது. செப்டம்பர் 18 முதல் அக்டோபர் 15 வரை பெர்முடா தீவுக்கருகே பயிற்சி. அக்டோபர் 18-ல் நியூயார்க் வந்து, நவம்பர் 1 வரை அங்கேயே நின்றது. 2-ம் தேதி நார்ஃபோக். 3-ம் தேதி அங்கிருந்து கிளம்பி, 22-ம் தேதி ஆப்பிரிக்கக் கரையில் காசபிளாங்கா. கதை நடந்ததாகச் சொல்லும் நாளில் அந்தக் கப்பல் பிலடெல்பியாவில் இல்லவே இல்லை.

1943-ல் இப்படி ஒரு வதந்தியும் இல்லை என்பதைத்தான் இதைப் பற்றிப் பேசும் பலர் மறந்துவிடுகிறார்கள். போர்க்காலத்துப் பிலடெல்பியா தளத்தில் சுமார் 40,000 பேர் மாறி மாறி வேலை பார்த்தார்கள். மறைத்து வைக்க முடிகிற மூலை முடுக்கு அல்ல அது. ஒரு கப்பல் கண்ணெதிரே மறைந்திருந்தால் அன்று மாலையே ஊர் சிரித்திருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த 40,000 பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தவர் 12, 13 வருஷம் கழித்து, வேறொரு கப்பலில் வேலை பார்த்த மாலுமி.

அவர் பெயர் கார்ல் ஆலன். கார்லோஸ் மிகுவேல் ஆயெண்டே என்றும் தன்னைச் சொல்லிக்கொள்வார். 1955-ல் மோரிஸ் ஜெசப் என்பவர் பறக்கும் தட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஜெசப்புக்கு ஆலனிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. வாக்கியத்தின் நடுவே திடீரென்று பெரிய எழுத்துகள், பல நிற மை, அங்கங்கே அடிக்கோடு. மேலே சொன்ன கதையின் விதை முழுக்க அந்தக் கடிதங்களில் இருக்கிறது. ‘ஆண்ட்ரூ ஃபுருசெத் என்ற சரக்குக் கப்பலின் தளத்தில் நின்றபடி நானே பார்த்தேன்’ என்பது அவர் சாட்சியம். ஆனால் அந்த ஃபுருசெத் கப்பலோ 1943 அக்டோபர் 25 அன்றே நார்ஃபோக்கை விட்டுக் கிளம்பி, நவம்பர் 12-ல் அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகம் சேர்ந்தது. 28-ம் தேதி அது அட்லாண்டிக்கில் போய்க்கொண்டிருந்தது.

இதோடு போயிருந்தால் ஒரு தனிமனிதரின் கிறுக்கல் என்று காகிதக் கூடைக்குள் போயிருக்கும். அதே காலத்தில் வாஷிங்டனில் இருந்த கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்துக்கும் ஒரு பார்சல் வந்தது. உறைமேல் ஈஸ்டர் வாழ்த்து எழுதியிருந்தது. உள்ளே ஜெசப்பின் புத்தகம். பக்க ஓரமெல்லாம் மூன்று பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதுபோல மூன்று வெவ்வேறு நிற மையில் குறிப்புகள். இரண்டு அதிகாரிகளுக்கு அது சுவாரசியமாகப் பட்டது. ஜெசப்பை வரவழைத்துக் காட்டினார்கள். கையெழுத்தைப் பார்த்ததும் இது ஆலனுடையது என்று அவர் அடையாளம் சொல்லிவிட்டார். பிறகு டெக்சாஸ் மாநிலத்தில் வாரோ என்ற ராணுவத் தளவாட நிறுவனம் அந்தப் புத்தகத்தைக் குறிப்புகளோடு தட்டச்சு செய்து, நூற்றுச் சொச்சம் பிரதிகள் எடுத்தது. ‘ஒன்றுமில்லாத விஷயத்துக்கா கடற்படை இவ்வளவு மெனக்கெடும்?’ என்ற கேள்வி அன்றைக்குப் பிறந்தது. இன்றுவரை அதற்குச் சாவு இல்லை. 1959 ஏப்ரலில் ஜெசப் தன் காருக்குள் புகைக்குழாய் வாயுவை விட்டுக்கொண்டு இறந்துபோனார். தற்கொலை என்றது விசாரணை. வதந்திக்கு ஒரு பிணமும் கிடைத்துவிட்டது.

ஆலன் 1969-ல் ஓர் ஆய்வுக் குழுவிடம் வந்து, எல்லாம் நான் கட்டிவிட்டதுதான் என்று ஒப்புக்கொண்டு, பிறகு அதையும் மறுத்தார். 1980-ல் ஒரு எழுத்தாளர் பென்சில்வேனியாவில் அவர் குடும்பத்தாரையே தேடிப் பிடித்துவிட்டார். ஊர் சுற்றி, நல்ல மூளை, அடுத்தவரைச் சீண்டி வேடிக்கை பார்க்கும் கிண்டல்காரர் என்றார்கள். கைக்குக் கிடைத்த காகிதத்தில் எல்லாம் கிறுக்கும் பழக்கம் உண்டாம். இந்தச் செய்தியால் வதந்திக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. முந்தின ஆண்டுதான் வில்லியம் மூரும் சார்லஸ் பெர்லிட்ஸும் எழுதிய புத்தகம் வெளிவந்து சக்கைபோடு போட்டிருந்தது. 1984-ல் சினிமாவும் வந்துவிட்டது.

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பவர்களுக்காக, அந்தக் குட்டி நெருப்பையும் காட்டிவிடலாம். போரின் தொடக்கத்தில் ஜெர்மனி காந்தக் கண்ணிவெடிகளைக் கடலடியில் போட்டது. கப்பல் வந்து இடிக்க வேண்டியதில்லை. இரும்பாலான கப்பல் மேலே கடந்தால் போதும், அதன் காந்தப்புலம் கண்ணிக்குள் இருக்கும் ஊசியை அசைக்கும், வெடித்துவிடும். 1939 நவம்பரில் இங்கிலாந்தின் ஷூபரினெஸ் கடற்கரைச் சேற்றில் அப்படி ஒன்று வெடிக்காமல் சிக்கியது. பிரித்துப் பார்த்து மர்மத்தை உடைத்தார்கள். அதற்கு மாற்றுதான் டீகாசிங். கப்பலின் உடலைச் சுற்றிக் கனத்த மின்கம்பிகளைப் பதித்து, அளந்த மின்சாரத்தை ஓடவிட்டால் கப்பலின் காந்தப்புலம் ஏறக்குறைய அடங்கிவிடும். கம்பி பதிக்காத சிறு கப்பல்களுக்கு வேறு வழி: தடித்த கேபிளை இருபுறமும் இழுத்துக் கட்டி, ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். அப்படிச் செய்த கப்பல் கண்ணியின் ‘கண்ணுக்கு’ப் படாது. வெறும் சரக்குக் கப்பல் மாலுமி ஒருவர் துறைமுகத்தில் இந்தக் கேபிள் கூத்தைப் பார்த்திருப்பார். கப்பலைக் கண்ணுக்குப் படாமல் ஆக்குகிறார்கள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்திருக்கும். மிச்சத்தைக் கற்பனை பார்த்துக்கொண்டது என்பதுதான் என் கணிப்பும்.

நொடியில் நார்ஃபோக் போனதற்கும் விளக்கம் இருக்கிறது. வெளிக்கடல் வழியாகச் சுற்றினால் நேரமாகும். டெலவேர் ஆற்றையும் செசபீக் விரிகுடாவையும் இணைக்கும் கால்வாய் உண்டு. போர்க்காலத்தில் கடற்படைக் கப்பல்கள் அதன் வழியே இரவோடு இரவாகப் போய்வந்தன என்று, வேறொரு காவல் கப்பலில் இருந்த மாலுமி 1990-களில் சொன்னார். மாலையில் இங்கே பார்த்த கப்பலை இரவில் அங்கே பார்த்தவனுக்கு அது மாயம்தான். ஐன்ஸ்டீன் விஷயமும் பாதி நிஜம். 1943-44-ல் கடற்படையின் ஆயுதப் பிரிவுக்கு அவர் ஆலோசகர். பிரின்ஸ்டனில் வீட்டிலிருந்தே வெடிபொருள்களைப் பற்றிக் கருத்துச் சொன்னார். நாளொன்றுக்கு 25 டாலர் சம்பளம்.

இப்போது அந்தக் கப்பலும் இல்லை, அந்தத் தளமும் இல்லை. எல்ட்ரிட்ஜை 1951-ல் கிரேக்க நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். லியோன் என்று பெயர் மாறி, 40 ஆண்டு அந்தக் கடற்படையில் உழைத்துத் தேய்ந்து, 1999-ல் பழைய இரும்பு விலைக்குப் போனது. அதே ஆண்டு அதில் வேலை பார்த்த வயதான மாலுமிகள் அட்லாண்டிக் சிட்டியில் கூடினார்கள். எங்கள் கப்பல் பிலடெல்பியாவுக்குப் போனதே இல்லையே என்று சிரித்தார்கள். பிலடெல்பியா தளம் 1990-களில் மூடப்பட்டது. ஒரு காலத்தில் போர்க்கப்பல் பழுதுபார்த்த செங்கல் கட்டடங்களில் இப்போது ஒரு பெரிய ஆயத்த ஆடை நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. பக்கத்திலேயே தனியார் கப்பல் கட்டும் கூடம். அதைக் கொரியாவின் ஹன்வா நிறுவனம் 2024-ல் வாங்கியது.

வதந்திக்கு மட்டும் வயதே ஆகவில்லை. 1980-களின் கடைசியில் ஒருவர் கிளம்பி, நான் அந்தக் கப்பலிலிருந்து குதித்தேன், 1983-ல் போய் விழுந்தேன் என்றார். 1992-ல் லாங் தீவின் மொன்டாக்கில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் காலப் பயண ஆராய்ச்சி நடந்தது என்று ஒரு புத்தகம் வந்தது. கப்பல் கதை அதோடு ஒட்டிக்கொண்டது. 2016-ல் வெளிவந்து உலகமெங்கும் பிள்ளைகள் பார்த்துத் தீர்த்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடருக்கு முதலில் வைத்திருந்த பெயரே ‘மொன்டாக்’தான். ஆலன் ஒரு தாளை எழுதி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பினார். அதில் கையெழுத்து இருந்தது, தபால் முத்திரை இருந்தது. தேடிப் போனவருக்கு ஆள் அகப்பட்டார். இன்று அதே கதை அனுப்புநர் இல்லாமல் வருகிறது.

என் அக்கா மகன் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன் அலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். தமிழிலேயே பேசும் காணொளி; பின்னணியில் திகில் இசை, பச்சைப் புகைக்குள் ஒரு கப்பல்.

“ஐன்ஸ்டீனே கூட இருந்தாராம் மாமா. மூடி மறைச்சுட்டாங்க.”

“நீ படிக்கிற இயற்பியல்ல இது நடக்குமாடா?”

“நடக்காதுதான்... ஆனா ராணுவம் எதைத்தான் மறைக்கல, சொல்லுங்க?”

அவன் கடைசியில் கேட்டதுதான் சரியான கேள்வி. ராணுவம் மறைத்தது உண்மை. மறைத்தது எதை என்பதில்தான் அந்தக் காணொளிக்காரர் கோட்டை விட்டார். வெகு தொலைவு போக வேண்டாம்; அதே 1943-ன் கடைசி மாதங்களையே பார்ப்போம்.

1943 டிசம்பர் 2, தெற்கு இத்தாலியின் பாரி துறைமுகம். ஜான் ஹார்வி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் இறக்குவதற்கு முறை வராமல் நின்றிருந்தது. அதில் 2,000 கடுகு வாயுக் குண்டுகள். ஜெர்மனி விஷவாயுவை எடுத்தால் பதிலுக்கு எறிய இருக்கட்டும் என்று ரகசியமாகக் கொண்டுவந்தவை. துறைமுகத்திலோ மருத்துவமனையிலோ இருந்தவர்களுக்கு இது தெரியாது. அன்று மாலை ஜெர்மன் விமானங்கள் வந்து சுமார் 20 நிமிடம் குண்டு போட்டன. 17 கப்பல்கள் மூழ்கின. ஜான் ஹார்வி வெடித்தது. விவரம் தெரிந்த அதன் ஆட்களும் அதோடு போனார்கள். கடுகு வாயு எண்ணெயோடு கலந்து நீர்ப்பரப்பில் பரவியது. அந்த நீரில்தான் மாலுமிகள் நீந்திக் கரையேறினார்கள்.

மருத்துவமனையில் அவர்களை அதிர்ச்சியில் இருப்பவர்கள் என்று நினைத்தார்கள். எண்ணெய் ஊறிய உடையைக் கழற்றாமல், மேலே கம்பளியைப் போர்த்தி, சூடாகத் தேநீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். அந்த ஈர உடைதான் இரவு முழுக்க அவர்களைத் தின்றது. மறுநாள் கண் வீங்கித் திறக்க முடியவில்லை, உடம்பெங்கும் கொப்புளம். பூண்டு நாற்றம் அடித்ததைச் சிலர் கவனித்தார்கள். உடையைக் களைந்து சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். சொல்வதற்கு ஆள் இல்லை. விஷம் தாக்கி மருத்துவமனைக்கு வந்த படையினரும் மாலுமிகளும் மட்டும் 600-க்கு மேல். 83 பேர் இறந்தார்கள். ஊர்க்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணியவர் இல்லை.

அல்ஜியர்ஸிலிருந்து ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் என்ற ராணுவ மருத்துவரை அனுப்பினார்கள். அவர் செய்ததை இன்றைய மர்மக் காணொளிக்காரர்கள் ஒருமுறை படிக்கலாம். இறந்தவர்கள் ஒவ்வொருவரும் எந்தக் கப்பலில், துறைமுகத்தின் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று கேட்டு வரைபடத்தில் குறித்தார். குறிகள் எல்லாம் ஜான் ஹார்வி நின்ற இடத்தைச் சுற்றியே நெருங்கின. நீரடியிலிருந்து எடுத்த குண்டு ஓட்டின் துண்டும் அமெரிக்கச் சரக்கு என்று காட்டியது. அறிக்கை எழுதினார். சர்ச்சில் ஒத்துக்கொள்ளவில்லை. பிரிட்டிஷ் ஆவணங்களில் எதிரித் தாக்குதலால் ஏற்பட்ட தீக்காயம் என்றே எழுத வைத்தார்கள். நோயாளிகளின் வெள்ளை அணுக்கள் சரசரவென்று குறைந்ததை அலெக்சாண்டர் குறித்திருந்தார். புற்றுநோய் மருந்து ஆராய்ச்சிக்கு அது கைகொடுத்தது தனிக்கதை.

பாரியில் நடந்தது விபத்து. வாஷிங்டனில் நடந்தது பரிசோதனையேதான். கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் காற்று புகாத அறை ஒன்று இருந்தது. பயிற்சி முகாம்களில் இருந்த இளம் மாலுமிகளிடம் புதுவிதச் சீருடையைச் சோதிக்கிறோம், கூடுதல் விடுப்பு தருகிறோம் என்று சொல்லி அழைத்து வந்தார்கள். முகமூடியும் மருந்து ஊறிய உடையும் போட்டு உள்ளே விட்டு, கடுகு வாயுவைத் திறந்துவிட்டார்கள். தோல் சிவக்கும்வரை அதே ஆளை மறுபடி மறுபடி உள்ளே அனுப்பினார்கள். உடை எப்போது தோற்கிறது என்பதை மனிதத் தோல் சொல்ல வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வெளியே வந்தால் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ராணுவச் சிறை. பலர் கட்டிய மனைவியிடமும் வைத்தியரிடமும் சொல்லாமலே காலத்தை ஓட்டினார்கள். போர் முடிவதற்குள் இப்படிக் கடுகு வாயு, லூயிசைட் என்ற விஷங்களின் சோதனைகளுக்கு உட்பட்ட அமெரிக்கப் படையினர் சுமார் 60,000 பேர். அவர்களில் 4,000 பேராவது அடைபட்ட அறைகளிலும் விஷம் தெளித்த நிலத்திலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். 1993-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட கணக்கு இது. கறுப்பினத்தவரையும் போர்ட்டோ ரிக்கோ தீவினரையும் ஜப்பானிய வம்சாவளியினரையும் தனியாகப் பிரித்து, தோல் நிறத்துக்கு ஏற்ப விஷம் வேலை செய்கிறதா என்று பார்த்தது 2015-ல்தான் பரவலாகத் தெரியவந்தது. நிவாரணம் மறுக்கப்பட்டவர்களின் விண்ணப்பங்களை மறுபடி பரிசீலிக்க 2017-ல் சட்டம் போட்டபோது, எஞ்சியிருந்தவர்களுக்குத் தொண்ணூறை ஒட்டிய வயது.

அந்த அறைக்குள் இருந்தவர்களைப் பற்றித் திகில் இசையோடு சினிமா வரவில்லை. தளத்தோடு உருகி ஒட்டியவர்கள் என்று கற்பனையில் செத்தவர்களுக்கு உலகம் முழுக்க இரங்குகிறது. நுரையீரல் வெந்து இருமிக்கொண்டே கிழவர்களானவர்கள் ஓய்வூதிய அலுவலகத்தில் ஆதாரம் எங்கே என்ற கேள்விக்கு விழித்துக்கொண்டு நின்றார்கள். ஆதாரத்தை வைத்திருந்ததும் அதே அரசாங்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த உண்மைகளை வெளியே கொண்டுவந்தவர்கள் மர்மப் பிரியர்கள் அல்ல. நிவாரணம் கேட்டு மனுப் போட்ட நோயாளிகள், பெட்டி பெட்டியாகக் கோப்புகளைப் புரட்டிய செய்தியாளர்கள், அறிக்கையை மாற்றி எழுத மறுத்த ஒரு மருத்துவர். சதிக் கதைக்காரரின் சந்தேகம் அரசாங்கத்துக்கு ஒரு வகையில் சௌகரியம் என்றே எனக்குப் படுகிறது. பச்சைப் புகையைப் பற்றிக் கேட்டால் அதிகாரி சிரித்துக்கொண்டே மறுத்துவிடலாம். கடற்படையும் பல ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறது: அந்தப் பார்சல் வந்த ஆராய்ச்சி அலுவலகம் தொடங்கியதே 1946-ல்தான், 1943-ல் நாங்கள் எப்படிச் சோதனை செய்திருப்போம் என்று ஒரு தாளில் பதில் அச்சடித்து, கப்பலின் நாட்குறிப்பு வேண்டுமானால் நுண்படமாக வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டது. கடுகு வாயு அறையைப் பற்றிக் கேட்டவருக்கு அவ்வளவு சுலபமாகப் பதில் வரவில்லை.

நமக்கு நெருக்கமான ஒரு கோப்பும் உண்டு. இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் 1930-களில் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ராவல்பிண்டியில் இந்தியச் சிப்பாய்கள் மீது கடுகு வாயுவைச் சோதித்தார்கள். இந்தியர்களின் தோல் வெள்ளையரின் தோலைவிட அதிகம் புண்ணாகுமா என்று பார்க்க வேண்டுமாம். நூற்றுக்கணக்கானவர்களை அறைக்குள் அனுப்பினார்கள். சிலர் போட்டிருந்தது வெறும் அரைக்கால் சட்டையும் பருத்திச் சட்டையும். பலருக்குக் கடுமையான புண் ஏற்பட்டு மருத்துவமனையில் கிடந்ததை விஞ்ஞானிகளே 1942-ல் எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னாளில் அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்கும் ஏற்பாடு இல்லை. லண்டன் ஆவணக் காப்பகத்திலிருந்த இந்தத் தாள்களை 2007-ல் கார்டியன் நாளிதழ் வெளியே கொண்டுவந்தது. அப்போது இங்கே இரண்டு நாள் செய்தி. அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். தமிழ்நாட்டில் பல வீடுகளில் அந்தக் காலத்துப் பணிப்புத்தகமும் மருத்துவச் சீட்டும் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. தாத்தாவின் தாள்களில் ராவல்பிண்டியும், காரணம் சொல்லாத தீப்புண் சிகிச்சையும் ஒன்றாகக் கண்ணில் பட்டால், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நகல் எடுத்துவைத்து, வரலாறு படித்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.